சங்கத்து வக்கீல்

கல்கத்தாத் தமிழர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் சந்தித்தால் முதலில் ஊர் கேட்டாக வேண்டும். வந்த காரியம் தலைபோகிற காரியமாகவே இருக்கட்டும், அது ஓரமாக நிற்க வேண்டியதுதான். "எந்த ஊர்?" என்றால் பாலிகஞ்ச் என்றோ பெஹாலா என்றோ சொல்லித் தப்ப முடியாது. "அது சரி, சொந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி வரும். பாட்டனார் விட்டுவிட்டு வந்த ஊர், ரேஷன் கார்டில் இல்லாத ஊர், கல்யாணம் காட்சிக்குப் போய் எட்டிப் பார்த்த ஊர். ஆனாலும் அதைச் சொன்னால்தான் பேச்சு நகரும்.

வித்யாலட்சுமி இந்த வழக்கத்தில்தான் சறுக்கி விழுந்தாள். அவளுக்கென்ன, எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டாள். அடி பட்டது வேறொருத்திக்கு.

அவள் பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்து, அங்கேயே படித்து வக்கீலானவள். காளிகாட்டில் பெண் குழந்தைகளுக்கு விடுதி நடத்தும் ஒரு குழந்தைகள் நலச் சங்கத்துக்குப் பல வருஷமாக அவள்தான் வக்கீல். வழி தவறியது, யாரோ விட்டுவிட்டுப் போனது, வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்தது என்று போலீஸ்காரர்கள் கொண்டு வந்து விடும் குழந்தைகளுக்குச் சங்கம் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கும். அந்தக் குழந்தை அப்புறம் யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. மாஜிஸ்திரேட்டுக்குச் சமமான அதிகாரம் அந்தக் குழுவுக்கு. அதன் முன்னால் சங்கத்தின் சார்பில் பேசுவது வித்யாலட்சுமியின் வேலை.

சங்கத்தின் சார்பில் என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் சார்பில் அல்ல, எதிரே முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயின் சார்பில் நிச்சயமாக அல்ல. புதிதாக வரும் ஜூனியர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடமே இதுதான். தாயோ தகப்பனோ வந்து உட்கார்ந்தால், "நான் உங்கள் வக்கீல் இல்லை, நீங்கள் சொல்வதை நான் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது" என்று முதலில் சொல்லிவிடு, பெயரை அப்புறம் கேள் என்பாள். ஊருக்கு உபதேசம் செய்வது எப்போதுமே சுலபம்.

துர்கா பூஜைக்குப் பந்தல் போட மூங்கில் இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் சங்கத்தின் நிர்வாகி, வித்யாலட்சுமி 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிடும் தீப்தி சர்க்கார் போன் செய்தாள்.

"கிடர்பூரில் லாரிகளுக்கு நடுவே அழுதுகொண்டு நின்றதாம் ஒரு பெண் குழந்தை. நாலைந்து வயசு இருக்கும். போலீஸ் கொண்டு வந்து விட்டது. ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. இப்போது தாய் வந்திருக்கிறாள், அவள் பேசுவதும் புரியவில்லை. உன் பாஷைதான். வாயேன், வித்யா."

"மொழிபெயர்ப்பாளர் யாரையாவது கூப்பிடுங்கள், தீதி. நான் வக்கீல்."

"யாரைக் கூப்பிட? தமிழ் தெரிந்த வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவதா?"

நியாயமாகத்தான் பட்டது. போனாள்.

விடுதியின் பார்வையாளர் அறையில் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயசுக்கு மேல் சொல்ல முடியாது. குழந்தை அவள் மடியில் ஏறி, கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்திருந்தது. யார் தொட்டாலும் அலறியதாம். தாய் வந்தபிறகுதான் வாயில் ஒரு பருக்கை போயிற்று என்றாள் தீப்தி.

"உங்க பேரு என்ன?" என்று வித்யாலட்சுமி தமிழில் கேட்டதும் அந்தப் பெண் விருட்டென்று நிமிர்ந்தாள். வெள்ளத்தில் போகிறவளுக்குக் கிளை கிடைத்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"ஆத்தாடி! தமிழா நீங்க? எம்பேரு ராமாயிக்கா. இங்க வந்ததுலருந்து ஒரு தமிழ்ச் சத்தம் கேக்க மாட்டமான்னு கெடக்கேன். எந்த ஊருக்கா உங்களுக்கு?"

இந்த இடத்தில்தான் பாடத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஊர் கேட்டவளுக்கு ஊர் சொல்லாமல் சட்டம் சொல்வதா?

"மன்னார்குடி பக்கம்," என்றாள். ஆயுசில் இரண்டு முறை போயிருப்பாள்.

"நமக்கு அறந்தாங்கி. பக்கத்துலதான!"

கல்கத்தாவிலிருந்து பார்த்தால் எல்லாம் பக்கத்தில்தான். வித்யாலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ராமாயியும் சிரித்தாள். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போயிற்று. கிடர்பூரில் லாரி டிரைவர்களுக்குச் சோறு போடும் சண்முகம் கடையில் மாவாட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் அவள் வேலை. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "கொத்தோ", "ஜல்தி", "ஏக் பிளேட்", இவ்வளவுதான் பாஷை. மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை மது ஏதோ தள்ளுவண்டியின் பின்னால் போய்விட்டாள். தெருத் தெருவாக ஓடி, கடைசியில் சண்முகம்தான் போலீஸில் விசாரித்து இந்த விலாசம் வாங்கிக் கொடுத்தாராம்.

"நீங்க இங்க என்ன வேலைக்கா?"

"வக்கீல்."

ராமாயி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று வித்யாலட்சுமி கேட்டாள். சங்கம் அநேகமாக முடிவு செய்துவிட்டது. தாய்தான், சந்தேகமில்லை, குழந்தையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று குழுவிடம் சொல்லப் போகிறார்கள். ஏதாவது ஒரு காகிதம் இருந்தால் நல்லது. கேள்வி அதற்குத்தான்.

ராமாயி கழுத்திலிருந்த குழந்தையின் கையை எடுத்துவிட்டாள். "மது, அந்தப் புள்ளைகளோட வெளையாடு, நான் இங்கனதான் இருக்கேன்," என்று குழந்தையை இறக்கிவிட்டாள். அது வாசல்படி தாண்டாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அக்கா, டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாக. அதான் சொல்றேன். இவளப் பெத்தது நான் இல்ல."

வித்யாலட்சுமிக்கு 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அதற்குள் ராமாயி சொல்லிக்கொண்டே போனாள்.

"எங்கக்கா பெத்துச்சு. மஞ்சக்காமாலையில போய்ச் சேந்துருச்சு. மச்சான் கருப்பையா, காரியம் முடிஞ்ச கையோட வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டாரு. அடிச்சாகன்னு சொல்ல மாட்டேன், கண்ணால பாக்கல. ஆனா பாக்க ஆளில்லாமக் கெடந்துச்சுக்கா புள்ள. ஒரு நாள் நான் போறேன், ஆட்டுக் கொட்டாயில படுத்துத் தூங்குது. ஒடம்பெல்லாம் சொறி. என்னைய அடையாளம் தெரியல, எங்கக்கான்னு நெனச்சு 'அம்மா'ன்னுச்சு. அம்புட்டுத்தான். மறுநா பால்வாடிக்குப் போயி, சித்தி நான், கூட்டிட்டுப் போறேன்னேன். விட்டுட்டாக. பஸ்ஸு ஏறுனேன், ரயிலு ஏறுனேன். யார்ட்டயும் சொல்லல. மச்சான் டேசன்ல எழுதிக் குடுத்துருக்காருன்னு பின்னாடிக் கேள்விப்பட்டேன்."

"ராமாயி, நான் சங்கத்துக்குத்தான் வக்கீல்."

"தெரியும்க்கா. சங்கந்தான எம்புள்ளைக்குச் சோறு போட்டு வச்சிருக்கு. நல்லா இருக்கட்டும். நீங்க பக்குவமாப் பேசி வாங்கிக் குடுத்துருங்க. இது உங்களோட இருக்கட்டும்."

உனக்கு எதிராகக்கூட நான் பேச வேண்டி வரலாம் என்று அப்போதாவது உடைத்துச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பாக்கலாம்," என்றாள். உலகத்தில் இதைவிடக் கோழைத்தனமான வார்த்தை கிடையாது.

காளிகாட்டிலிருந்து பாலிகஞ்சுக்கு பஸ்ஸில் வரும்போது தனக்குத் தானே வாதாடிப் பார்த்தாள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது பூட்டிய பெட்டி, உயிரே போனாலும் திறக்கக் கூடாது. ஆனால் ராமாயி கட்சிக்காரி இல்லை. சங்கம்தான் கட்சிக்காரர். தெரிந்த உண்மையைக் கட்சிக்காரரிடம் மறைக்கக் கூடாது, பொய்யென்று தெரிந்ததைக் குழுவின் முன்னால் வைக்கக் கூடாது. ஆக, சட்டப்படி ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் பெட்டி பூட்டியிருக்கிறது என்று நம்பித்தானே அந்தப் பெண் அதில் தன் உயிரைப் போட்டாள்? சட்டத்தில் தப்பில்லை, மனசுக்கு அது திருட்டாகத்தான் பட்டது. விலகிக்கொண்டால்? விலகினால் தாய் என்ற பொய் அப்படியே குழுவிடம் போகும். என்றைக்காவது அறந்தாங்கி போலீஸ் வந்து நின்றால் குழந்தையைப் பிடுங்குவார்கள், ராமாயியைக் கடத்தல் வழக்கில் உள்ளே வைப்பார்கள். இருதலைக்கொள்ளி எறும்புக்காவது இரண்டு முனையும் ஒரே குச்சி. இவளுக்கோ சட்டம் ஒரு குச்சி, மனசு இன்னொரு குச்சி.

மறுநாள் தீப்தியிடம் சொன்னாள்.

தீப்தி முகத்தை மூடிக்கொண்டாள். நல்ல மனுஷி. "ஏன் கேட்டாய்?" என்றாள். "கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தை நாளைக்குப் போயிருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "இது உனக்கு மட்டும்தானே தெரியும், வித்யா? இங்கே வேறு யாருக்குத் தமிழ் தெரியும்?" என்றாள்.

"எனக்குத் தெரிந்துவிட்டதே, தீதி. தெரிந்தபிறகு தாய் என்று எப்படிச் சொல்ல முடியும்?"

"சரி. என்ன செய்யலாம் என்கிறாய்?"

"உண்மையைச் சொல்லிவிட்டு, விசாரணை முடியும்வரை சித்தியிடமே குழந்தை இருக்கட்டும் என்று சங்கம் கேட்கலாம். கேட்க வழியிருக்கிறது. அந்தக் குழந்தை அவளிடம் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நீங்களே பார்த்தீர்கள்."

தீப்தி வெகு நேரம் யோசித்தாள். வித்யாலட்சுமியும் விடாமல் எடுத்துச் சொன்னாள். கடைசியில் தீப்தி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். "தகப்பனிடம் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தவளிடம் கொடுங்கள் என்று நான் எப்படிக் கேட்பது? நாளைக்கு அவன் வழக்குப் போட்டால் விடுதியையே மூடச் சொல்வார்கள். இங்கே இன்னும் எத்தனையோ குழந்தைகள் இருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல், முடிவைக் குழுவிடம் விட்டுவிடு. சங்கம் எதையும் கேட்காது. இதுதான் உனக்கு என் உத்தரவு."

நியாயமான யோசனையைச் சொல்வது வக்கீலின் கடமை. கட்சிக்காரர் ஏற்காவிட்டால் அவர் சொன்னபடி நடப்பதும் கடமை. வித்யாலட்சுமி அதற்கு மேல் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டு வாங்கினாள். ராமாயிக்கு இலவச சட்ட உதவியில் தனியாக ஒரு வக்கீல் ஏற்பாடாயிற்று. அதைச் சொல்வதற்காக சண்முகம் கடைக்குப் போன் செய்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டும் குவளையும் உருண்டுகொண்டிருந்தன.

"ராமாயி, நான் சொல்றதக் கேளு. நீ சொன்னத நான் அவங்ககிட்ட சொல்லியாகணும். உனக்குன்னு வேற வக்கீல் வருவார். அவர்தான் உனக்காகப் பேசணும்."

"வேற ஆளு எதுக்குக்கா? பாஷையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நீங்க எப்புடிச் சொன்னா சரிப்படுமோ அப்புடிச் சொல்லுங்க. நீங்க இருக்கீகள்ல," என்றாள் ராமாயி. யாரோ சாம்பார் என்று கத்தினார்கள். போன் வைக்கப்பட்டது.

விசாரணை பஞ்சமியன்று. மறுநாளிலிருந்து ஆபீஸ்களுக்குப் பூஜை லீவு. சந்தில் பூஜைக்கு அடிக்கும் டாக் மேளத்தைக் கொட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள், ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. சட்ட உதவி வக்கீல் காலை ரயிலிலேயே குடும்பத்தோடு சொந்த ஊர் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

வித்யாலட்சுமி எழுந்து, வங்காள மொழியில், ஒத்தி வைக்க வேண்டும் என்று கேட்டாள். குழந்தையைக் கொண்டு வந்தவளுக்குப் பேச ஆள் இல்லை, அவளுக்கு மொழியும் தெரியாது என்றாள்.

குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். வயதானவர், கடுமையானவர் அல்ல. "ஒத்தி வைத்தால் லீவு முடிந்து லக்ஷ்மி பூஜைக்கு அப்புறம்தான் கூடுவோம். அதுவரை குழந்தை நடுவில் கிடப்பதா? மொழிதானே, நீங்கள் இருக்கிறீர்கள்."

"நான் சங்கத்தின் வக்கீல், அம்மா. நான் மொழிபெயர்ப்பது சரியாக இருக்காது."

"வேறு யார் இருக்கிறார்கள்? ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொள்கிறேன். ஆரம்பியுங்கள்."

ஆரம்பித்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். தாய் இல்லை, சித்தி. தகப்பன் உயிரோடு இருக்கிறான், அவனிடம் சொல்லாமல் அழைத்து வந்திருக்கிறாள். அறந்தாங்கியில் புகார் இருப்பதைப் போலீஸ் உறுதி செய்திருக்கிறது. அங்கே நிறுத்தவில்லை. ஆட்டுக் கொட்டாயைச் சொன்னாள், உடம்பெல்லாம் இருந்த சொறியைச் சொன்னாள், இன்று அந்தத் தோலில் ஒரு தழும்புகூட இல்லை என்பதைச் சொன்னாள். இவள் மடியில் உட்கார்ந்தால்தான் குழந்தை சாப்பிடுகிறது என்பதையும் சொன்னாள். அவளுக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது, கைகள் பேசின.

ராமாயி வாசலோரம் பெஞ்சில் மதுவை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலும் கையும் யாருக்காக என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. குழந்தையின் காதருகே குனிந்து, "பாரு, அக்கா நமக்காகப் பேசுறாக," என்றாள். வித்யாலட்சுமியின் காதில் அது விழுந்தது.

"ஆக, குழந்தையைச் சித்தியிடம் கொடுக்கச் சொல்கிறதா சங்கம்?" என்று தலைவி கேட்டார்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். தீப்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், குனிந்த தலை நிமிரவில்லை.

"இல்லை, அம்மா. சங்கம் எதையும் கேட்கவில்லை. குழுவின் முடிவுக்கு விடுகிறது."

தலைவி ராமாயியைப் பக்கத்தில் வரச் சொன்னார். "இந்தக் குழந்தையைப் பெற்றது நீயா என்று கேளுங்கள்."

வித்யாலட்சுமி கேட்டாள். ராமாயி தலைவியைப் பார்க்கவே இல்லை. குரலைத் தாழ்த்தி, "என்ன சொல்லட்டும்க்கா?" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் தலைவி.

மொழிபெயர்க்க உட்கார்ந்தவள் காதில் விழுந்ததை எல்லாம் மொழிபெயர்க்க வேண்டும். "என்ன சொல்லட்டும் என்று என்னிடம் கேட்கிறாள்," என்றாள் வித்யாலட்சுமி. தலைவி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்."

"உள்ளதச் சொல்லு, ராமாயி."

ராமாயிக்கு முகம் தெளிந்தது. அக்கா சொன்னால் அதில் ஏதோ கணக்கு இருக்கும். "பெத்தது எங்கக்கா, வளக்குறது நானு," என்று பளிச்சென்று சொன்னாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல வித்யாலட்சுமியைப் பார்த்தாள்.

உத்தரவு எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. குழந்தையைத் துணையோடு புதுக்கோட்டை மாவட்டக் குழுவிடம் அனுப்ப வேண்டும். தகப்பனை விசாரிப்பதும், சித்தி கேட்டால் அவளை விசாரிப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பு. அதுவரை குழந்தை அங்கே உள்ள விடுதியில் இருக்கும். சித்தி மேல் வழக்கு வேண்டாம் என்று ஒரு வரியையும் தலைவி தானாகவே சேர்த்தார். தப்பான உத்தரவு என்று சட்டம் தெரிந்த எவரும் சொல்ல முடியாது. "அவளுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்," என்று காகிதத்தை நீட்டினார்.

தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னாள். பாதி சொல்லும்போதே விடுதி ஆயா வந்து மதுவைத் தூக்கினாள். குழந்தைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு ராமாயியின் முந்தானையைப் பிடித்தது. ராமாயிதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "அழுவாத. அந்த ஆத்தா முட்டாயி வாங்கித் தருவாக," என்றாள். படியிறங்கி, கேட்டைத் தாண்டும் வரை அந்த அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.

ராமாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுவாள், ஏசுவாள் என்று வித்யாலட்சுமி காத்திருந்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். அந்தம்மா பேசுனாக, நீங்க அம்புட்டு நேரம் பேசுனீக. எம்பக்கம் பேசுனது யாரு?"

வித்யாலட்சுமி காகிதத்தை மடித்தாள். "யாரும் பேசல," என்றாள். "உன் பக்கம் பேச யாரும் இல்ல, ராமாயி. நான் சங்கத்துக்காக வந்தவ. அன்னைக்கே உனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கணும். சொல்லல. புதுக்கோட்டைக்குப் போனா முதல்ல உனக்குன்னு ஒரு வக்கீல் கேளு. என்கிட்ட சொன்னதை எல்லாம் அவர்கிட்ட சொல்லு."

ராமாயி அதை மனசுக்குள் வாங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரிக்கா, நான் போறேன். புள்ளைய எந்த ரயில்ல கூட்டிட்டுப் போறாக? அத மட்டும் சொல்லுங்க. அதே ரயில்ல பொதுப் பெட்டியில ஏறிக்கிறேன். அது கண்ணுல படாம ஒதுங்கியே வாறேன். புள்ள போற வண்டியிலதான் நானும் போறேன்னு இருந்தாப் போதும்."

எந்த ரயில், எந்த நாள் என்று வித்யாலட்சுமிக்குத் தெரியும். உத்தரவு எழுதும்போதே ஏற்பாட்டைத் தீப்தி சொல்லியிருந்தாள். கூட்டிப்போகும் விவரத்தை உறவுக்காரர் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது சங்கத்தின் விதி. முன்னொரு முறை ஹௌராவில் பிளாட்பாரத்திலேயே ஒரு குழந்தையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த விதியை எழுதிக் கொடுத்ததே வித்யாலட்சுமிதான். தெரியாது என்று சொல்லிவிடலாம். இவளிடம் இனிப் பொய்யும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியும். சொல்லக் கூடாது, ராமாயி."

ராமாயி அவளை நன்றாக ஒரு முறை பார்த்தாள். கோபமாக இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை, ஏதோ ஒரு ஆபீஸில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சரிங்க, மேடம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.